எண்ணூரில் ஓர் அருவி

எண்ணூரில் அருவி இருக்கிறது என்று சொன்னால் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததோடு விட்டாலும் பரவாயில்லை, சிரிப்பார்கள். மலை எங்கே, காடு எங்கே, சாரல் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குக் குறுக்கே வெள்ளைக்காரன் காலத்து அணை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் அதன் தலையைத் தாண்டித் தண்ணீர் விழும். ஓர் ஆள் உயரம்தான் விழும். ஆனால் ஆற்றின் அகலம் முழுக்க விழும். பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் அதற்கு அருவி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு அவர்கள் பேர் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

அந்த அருவியைப் பற்றி இசக்கியம்மாளிடம் சொன்னவள் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். ராயபுரம் கல்மண்டபத்தில் ஆறுமுகநயினாரின் மளிகை மொத்தக் கடை இருந்தது. கடைக்கு மேலே மாடியில் வீடு. இசக்கியம்மாள் நயினாரின் மனைவி. வியாகுலம்மாளின் புருஷன் லூயிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவள் பிறந்தது எண்ணூர்க் குப்பத்தில். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். வியாகுலம்மாள் பேசும் மெட்ராஸ் தமிழ் முதல் இரண்டு வருஷம் இசக்கியம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் முழுக்கப் புரிந்துவிட்டது. இந்தப் பட்டணத்தில் தன்னைப் பார்த்துப் பேசுகிற ஒரே மனுஷி அவள்தான் என்பதும் கூடவே புரிந்தது.

தனிமை என்றால் ஆளில்லாத வீடு என்று நினைப்பவர்களை அந்த மாடிக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். கடை ஆட்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு அங்கேதான். தெற்கத்திக் கடைகளில் அதுதான் முறை. முதலாளியும் எடை போடுகிறவனும் மூட்டை தூக்குகிறவனும் ஒரே பந்தி, ஒரே சோறு. இருட்டு விலகுவதற்கு முன்பே இசக்கியம்மாள் அடுப்பும் அம்மியுமாக நிற்பாள். அவர்கள் ஏறி வருவார்கள், ‘மதினி, ரசம்’ என்பார்கள், சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். நயினாரும் அதே பந்தியில்தான் உட்காருவார். புளி வரத்தைப் பற்றிப் பேசுவார், வத்தல் விலையைப் பற்றிப் பேசுவார், கூட்ஸ் வண்டி வந்து சேராததைப் பற்றிப் பேசுவார். அவளைப் பார்த்துப் பேசுவது ‘கொஞ்சம் மோர்’ என்பது மட்டும்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கீழே போய்விடுவார்கள். அவரும் போய்விடுவார்.

அவர் படுப்பது கடையில். யுத்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. கல்யாணமான மறுவருஷம், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. அவளை ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டு, கடைக்குக் காவலாக அவர் கீழேயே படுத்துக்கொண்டார். பயம் தெளிந்து அவள் திரும்பி வந்தபோது, புளி மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவே அவருடைய பாய் நிரந்தரமாகிவிட்டிருந்தது. ஜப்பான்காரன் தோற்றான், வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான், இப்போது அரிசிக் கட்டுப்பாட்டைக்கூட எடுத்துவிட்டார்கள். அந்தப் பாய் மட்டும் படியேறி வரவில்லை. எப்போதாவது ஒரு ராத்திரி அவர் மட்டும் வருவார். வந்தாலும், கீழே யாராவது இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். விடிவதற்குள் திருடன் மாதிரி இறங்கிப் போய்விடுவார். இரண்டு வருஷமாக அதுவும் நின்றுபோயிற்று.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கைநீட்டி ஒரு அடி அடித்தது கிடையாது. கடையில் படுக்கிறவன்தான் கடைக்கு முதலாளி என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அவர் தட்டாமல் கேட்டார், அவ்வளவுதான்.

இப்படிக் குடித்தனம் நடத்தினால் குழந்தை எங்கிருந்து வரும்? அது மட்டும் ஊரில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. எல்லாரும் அவள் வயிற்றைத்தான் பார்த்தார்கள். தீபாவளிக்கு வந்திருந்த நாத்தனார் ஆவுடையம்மாள், தன் இரண்டாவது மகனைத் தத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். தை பிறந்ததும் ஊரில் வைத்து முடித்துவிடலாம் என்றாள். நயினார் மோவாயைத் தடவியபடி யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரன், குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் இசக்கியம்மாளின் காரியம் அதோடு முடிந்தது. அப்புறம் யாரும் எதையும் மாற்றப்போவதில்லை. கீழே ஒரு முதலாளி, மேலே ஒரு சமையற்காரி என்று காலம் ஓடிவிடும்.

தைக்குள் அவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘ராத்திரி மேலே வந்து படுங்க.’ இவ்வளவுதான். இதை எங்கே வைத்துச் சொல்வது? பந்தியில் ரசம் ஊற்றும்போதா? கோயிலுக்குப் போனாலும் கூட நாலு பேர் வருகிறார்கள். படியில் நின்று சொல்லலாம் என்றால் மேலேயும் கீழேயும் காது. கட்டிய புருஷனிடம் இதைச் சொல்ல இவ்வளவு இடம் தேடுவதா என்று அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்து என்ன செய்ய, வாய் வரவில்லையே.

அந்தச் சமயத்தில்தான் வியாகுலம்மாள் அருவியைப் பற்றிச் சொன்னாள். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, உப்பளத்தைத் தாண்டி, சதுப்பு நிலத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். கண்ணுக்கெட்டிய மட்டும் உமரிச் செடியும் கொக்கும்தான், ஒரு மனுஷ வாடை இருக்காது. கடல் தண்ணீர் வற்றியிருக்கும்போது போய், ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

“வத்துறப்போ போனீன்னா முட்டிகூட நனையாது,” என்றாள் வியாகுலம்மாள். “ஏறுறப்போ மாட்டிக்கினே, அவ்ளோதான். அந்தாண்டயே குந்திக்கினு கெடக்க வேண்டியதுதான்.”

ஒரு மனுஷ வாடை இருக்காது என்ற சொல் இசக்கியம்மாளைப் பிடித்துக்கொண்டது. போக ஒரு நாழி, வர ஒரு நாழி, நடுவே தண்ணீர் விழுகிற சத்தம். மூட்டை தூக்குகிறவன் இல்லை, எடை போடுகிறவன் இல்லை. விழுகிற தண்ணீரைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்ன திருநெல்வேலிக்காரன் எவனையும் அவள் கண்டதில்லை. அது அவளுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

மறுநாள் பந்தியில், அவர் இலையில் சோறு வைத்தபடி, எண்ணூர்ப் பக்கம் ஓர் அருவி இருக்கிறதாம், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கடை ஆட்கள் சிரித்தார்கள். குற்றாலத்துக்காரனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள் மதினி, கேஸ் போட்டுவிடுவான் என்றான் ஒருவன். நயினார் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்துட்டாப் போச்சு,” என்றார். “ஏற்பாடு பண்ணிருவோம்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார் மனுஷர். கப்பலில் சரக்கு எடுப்பவர் எப்படி ஆராய்வாரோ அப்படி அந்த நடையை ஆராய ஆரம்பித்தார். கடையில் தலைமையாக நின்று எடை போடுகிற மாசானத்தை எண்ணூருக்கு அனுப்பி வழி பார்த்துவரச் சொன்னார். நயினாருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அந்தக் கடையில் இருக்கிறவன் மாசானம். சொன்ன வேலையை அப்படியே செய்கிறவன். அவன் தொடை வரைக்கும் சேறோடு திரும்பி வந்து, மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து வழி சொன்னான். உப்பளத்து வரப்பைப் பிடித்துப் போக வேண்டும். வரப்பு முடிந்ததும் உமரிச் செடி முளைத்திருக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். பளபளவென்று சாம்பல் நிறத்தில் மின்னுகிற இடத்தில் வைத்தால் கால் போய்விடும். சொன்னதையெல்லாம் நயினார் மதியச் சாப்பாட்டின்போது அவளுக்குத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது இலை ஓரத்தில் உப்பை வைத்து உப்பளம் என்றார், அப்பளத்தை ஒடித்து வைத்து அணை என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முன்னால் அவள் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

நாள் பார்ப்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று. தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் சந்திரனைப் பார்த்து நடக்கிற காரியம். காலையில் நன்றாக வற்றுகிற நாள் எது என்று லூயிஸ் துறைமுகத்தில் விசாரித்துச் சொன்னார். பஞ்சாங்கத்தைப் பிரித்தால் அது அஷ்டமியாக இருந்தது. அடுத்த நாள் நவமி. அஷ்டமி, நவமியில் ஒரு மூட்டையைக்கூடப் புதிதாகப் பிரிக்காத கடை அது. கடலுக்கு அஷ்டமியும் தெரியவில்லை, நவமியும் தெரியவில்லை. சரி, அமாவாசையில் போகலாம் என்றால் காலை முழுக்க சதுப்பில் தண்ணீர் நிற்கும். கடைசியில் தசமி என்று தீர்மானமாயிற்று. தசமியில் தண்ணீர் வற்றக் கொஞ்சம் நேரமாகும், முன்காலையில் புறப்பட்டால் உச்சிக்குத் திரும்பிவிடலாம். துறைமுகத்து நேரத்தை அப்படியே நம்பக்கூடாது, கழிக்குள்ளே தண்ணீர் போய்த் திரும்பப் பிந்தும் என்று லூயிஸ் எச்சரித்தார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார் நயினார். கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு யோசித்திருக்கமாட்டார்.

ஒருநாள் சாயங்காலம், சாப்பாட்டு வேளை இல்லாத வேளையில், அவர் படியேறி வந்தார். கையில் மூட்டை தைக்கிற சணல் இருந்தது. சேற்றில் சிப்பி கிடக்குமாம், காலைக் கிழித்துவிடும், கான்வாஸ் ஜோடு வாங்க வேண்டும், கால் அளவு வேண்டும் என்றார். அவள் படியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் சணலைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அவர் தலையில் நரை வந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கீழேயிருந்து, லாரி வந்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டது. அவர் சணலை மடியில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார். பரவாயில்லை, தசமி வருகிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு வருத்தமே இல்லை. காலில் அவர் கை பட்ட இடம் ராத்திரி வரைக்கும் தெரிந்துகொண்டிருந்தது.

தசமிக்கு முந்தின நாள் புளியோதரை கிண்டி, இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். கடை ஆட்களுக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்தாள். பைக்குள் தனக்கு ஒரு மாற்றுப் புடவை வைத்தாள். சேறு பட்டால் அவரும் மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று, பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து அடியில் வைத்தாள்.

காலையில் அவள் இறங்கி வந்தபோது கடை திறந்திருந்தது. புதுக் கான்வாஸ் ஜோடு, ஊன்றிக்கொள்ள மூங்கில் கழி, ஓர் ஆரஞ்சுப் பொட்டலம், ரயில் டிக்கெட் எல்லாம் எடைமேடைமேல் தயாராக இருந்தன. பக்கத்தில் வியாகுலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். வழி தெரிந்த ஆள் துணைக்கு வேண்டும் என்று நயினார்தான் முந்தின நாள் போய்ச் சொல்லி அவளை வரவழைத்திருந்தார். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

“பாத்துப் போயிட்டு வா,” என்றார். “தண்ணி ஏறதுக்குள்ள திரும்பிரு.”

வருவதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நினைத்துப் பார்த்தால், வர வேண்டும் என்று அவளும் ஒருநாளும் சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று அவள் இருந்துவிட்டாள். அவள் கேட்டது அருவி, அருவியை அவர் குறையில்லாமல் கொடுத்துவிட்டார். கடை ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாசானம் பையை வாங்கி ரிக்‌ஷாவில் வைத்தான். இசக்கியம்மாள் ஜோட்டை மாட்டிக்கொண்டாள். அளவு கொஞ்சமும் பிசகாமல் இருந்தது. மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திருவொற்றியூர் தாண்டியதும் கடற்காற்று கரிப்புகையை அடித்துக்கொண்டு போயிற்று. எண்ணூரில் இறங்கி நடந்தார்கள். உப்பள வரப்பில் கால் வழுக்கியது. வரப்பு முடிந்ததும் சதுப்பு விரிந்தது. தண்ணீர் வற்றிப் போன இடமெல்லாம் சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து நின்று, இவர்கள் நிழல் பட்டதும் உள்ளே ஓடின. உமரிச் செடிகளில் சில சிவந்திருந்தன. மாசானம் சொன்ன சாம்பல் நிற இடங்களை அவள் தூரத்திலேயே கண்டுகொண்டாள். வழி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. எந்த இடத்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று அவளே முன்னால் நடந்து வியாகுலம்மாளுக்குக் காட்டினாள். அத்தனை நாள் அவர் உப்பையும் அப்பளத்தையும் வைத்துச் சொல்லிக்கொடுத்த வழி. அதில் அவர் இல்லாமல் நடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அருவி நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லக்கூடாது. செம்மண் நிறத் தண்ணீர் அணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே பாளமாக விழுந்தது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. இது தெரியாமல் போயிற்றே, இங்கே வைத்து அவரிடம் எதைச் சொல்லியிருக்க முடியும் என்று நினைத்ததும் இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

சத்தம் குறைந்த கரைமேட்டில் உட்கார்ந்து வியாகுலம்மாள் பையைப் பிரித்தாள். வேட்டி கையில் வந்தது.

“இது இன்னாமே, ஆம்பள வேட்டி?”

இசக்கியம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாய், புளி மூட்டை, ஆவுடையம்மாளின் மகன், சொல்ல நினைத்த அந்த ஒரு வரி எல்லாம் வந்துவிட்டது. புருஷனிடம் வராத வாய் பக்கத்து வீட்டுக்காரியிடம் தடையில்லாமல் வந்தது. வியாகுலம்மாள் ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. சதுப்பின் ஓரத்துக் கால்வாய்களில் தண்ணீர் திரும்ப ஆரம்பித்திருந்தது. புறப்படலாம் என்று வியாகுலம்மாள் எழுந்தாள். இசக்கியம்மாள் எழவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் இங்கேயே இருப்பதாகவும், தண்ணீர் ஏறி இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாக அவரிடம் போய்ச் சொல்லும்படியும் கேட்டாள். வியாகுலம்மாளின் தம்பிக்குக் கழியில் படகு இருந்தது. அதில் ஏறி அவர் வந்து அழைத்துப் போகட்டும். கிறுக்குத்தனம்தான், வேறென்ன சொல்வது. ஆனால் ஆபத்தில்லாத கிறுக்குத்தனம். மேடு உயரமானது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உப்பளத்துக் கூலிப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“நீயே வரணும்னு சொல்றா உன் பொண்சாதின்னு சொல்லட்டா?” என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

“வேண்டாம்க்கா. மாட்டிக்கிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அவுகளா வரணும்.”

“வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிக்கினு கீறீங்க புருஷனும் பொண்டாட்டியும்?”

சொல்லி வரவழைத்தால் அது இன்னொரு ஏற்பாடாகிவிடும் என்றாள் இசக்கியம்மாள். வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வேகமாக நடந்து போனாள். அவள் கால் வைத்துப் போன இடங்களில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்து நின்றது.

அதன் பிறகு பக்கத்தில் யாரும் இல்லை. இசக்கியம்மாள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாதி சாப்பிட்டாள். மற்றதைத் தொடவில்லை, அவர் பசியோடு வருவார். தண்ணீர் ஓசையில்லாமல் ஏறியது. முதலில் நண்டு வளைகள் மறைந்தன, பிறகு உமரிச் செடிகள் இடுப்பளவு முழுகின, பிறகு அவள் நடந்து வந்த வழியே இல்லாமல் போயிற்று. அணைக்குக் கீழேயும் தண்ணீர் மேலேறி வந்தது. அது ஏற ஏற அருவியின் உயரம் குறைந்துகொண்டே வந்தது, சத்தமும் குறைந்தது. சாயங்காலத்துக்குள் முழங்கால் உயரம்கூட இல்லை. இப்போது பேசினால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்மண்டபத்தில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். வியாகுலம்மாள் மூச்சிரைக்கப் போய் நின்றிருப்பாள். அவர் கல்லாவிலிருந்து எழுந்திருப்பார். பட்டப்பகலில் கடைக்கதவு பலகை பலகையாக மூடப்பட்டிருக்கும். அண்ணாச்சி கடை ஏன் மூடியிருக்கிறது என்று தெருவே கேட்டிருக்கும். பெண்டாட்டியைக் கூப்பிட்டுவரப் போயிருக்கிறார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். படகில் அவரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். படகோட்டி எங்கேயோ பார்த்துத் துடுப்புப் போடுவான். நடுக்கழியில் சொல்லிவிட வேண்டும். வெட்கமாக இருந்தால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் படகு வந்தது. கோடியில் ஒருவன் நின்று கழி போட, நடுவில் ஒருவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். குடை அவருடையது, கைப்பிடியில் வெள்ளிப் பூண் போட்டது, வேறு யாரும் தொடக்கூடாதது. இசக்கியம்மாள் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்து, கலைந்த முடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவள் மனசு அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

படகு மேட்டை நெருங்கியதும் குடை மடங்கியது. உட்கார்ந்திருந்தவன் மாசானம்.

அவன் சும்மா வரவில்லை. தூக்குப் போசியில் காப்பி, காகிதத்தில் சுற்றிய பன், கம்பளி, டார்ச் லைட், வெற்றிலைகூட இருந்தது. எல்லாம் அண்ணாச்சி கொடுத்தனுப்பியது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். அவள் கையைப் பிடித்துப் படகில் ஏற்ற வெட்கப்பட்டு, குடையை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறினாள். அவள் தோளுக்குக் கம்பளியை வியாகுலம்மாளின் தம்பி எடுத்துக் கொடுத்தான். மேட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படகு நடுக்கழிக்கு வந்தது.

“அவுக என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் மாசானம் காத்திருந்தான் போல. முதலாளியின் பெருமையைச் சொல்கிற குரலில் சொன்னான். “பதறிப் போயிட்டாக மதினி. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக. ரிக்‌ஷாகூட வந்து நின்னுட்டு. சாவியக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, நான் கடையப் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். இடுப்புலேருந்து சாவிய அவுத்துக் கையில எடுத்தாக. அதைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாக. பொறவு, வேண்டாம், நீயே போயி மதினியைக் கூட்டியான்னுட்டாக.”

சொன்னவன் குரலில் வருத்தமே இல்லை. அத்தனை வருஷம் அந்தக் கடையில் எடை போட்டவன், அந்தச் சாவி தன் கைக்கு வராததை அவன் ஒரு குறையாக நினைக்கவில்லை. இசக்கியம்மாளுக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. சாவியை நம்பிக் கொடுக்க முடியாத ஆளிடம் பெண்டாட்டியை நம்பிக் கொடுக்க முடிந்திருக்கிறது. புறப்பட்டவர் கடைசியில் நின்றது இந்த மாசானத்துக்காக அல்ல, அவளுக்காகவும் அல்ல, அந்தச் சாவிக்காக. அவர் வராமலே இருந்திருந்தால்கூட, கடையில் கூட்டம், லாரி வந்துவிட்டது என்று அவள் ஏதாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அவர் கிளம்பிவிட்டு நின்றிருக்கிறார். கடையையும் அவளையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார். இனி எந்த அருவிக்குப் போய் எதைச் சொல்வது? அவள் கம்பளியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

மாசானம் பதறிவிட்டான். தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தான். காப்பியை மூடியில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

“அழாதீங்க மதினி,” என்றான். “அதான் வந்துட்டோம்லா.”

“ஆமா மாசானம்,” என்றாள் அவள். “நீ வந்துட்ட.”